பொன்னாடை வேண்டாம்

அச்சுவேலி,
04.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் ஒரு நாள் சுகம், ஒரு நாள் சுகமில்லை. உங்கள் வயிற்றெரிவு எப்படி? கடைச் சாப்பாட்டை விட்டீர்களா?

கையில் போன் இருக்க ஏன் இவள் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் எடுத்தால் "மீற்றிங்கிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்தப் "பிறகு" தைப்பொங்கல் கழிந்தும் வரவில்லை. கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. பதிலும் கடிதத்திலேயே போடுங்கள். எழுதினால்தான் நீங்கள் நாலு வசனம் சேர்ந்தாற்போல் சொல்வீர்கள்.

எங்கள் "துலா" பெண்கள் அரங்கு உங்களுக்குத் தெரியும். நான் சங்கக்கடைக் கணக்கு வேலை முடித்து வர, மற்றவர்கள் தோட்டம், அடுப்படி எல்லாம் முடித்து வர, எட்டுப் பேர் கூடுகிறோம். புது நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். பெயர் "பங்குக்கிணறு". ஏழு வீட்டுக்கு ஒரு கிணறு, வீட்டுக்கொரு நாள் தண்ணீர் முறை. புருஷன் செத்த ஒருத்தியின் முறையை மச்சான்மார் மெல்ல மெல்லத் தங்கள் தோட்டத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். அவள் அதைத் திருப்பிக் கேட்கிறாள். இவ்வளவுதான் கதை. உதயகலா அவளாக நடிக்கிறாள். ஒத்திகையில் அவள் வாய் திறந்தால் எழுதின எனக்கே நெஞ்சு திக்கென்கிறது.

அந்த உதயகலாதான் கையை விட்டுப் போகப் போகிறாள். ஒத்திகைக்கு வந்தால் அரைநாள் கூலி போய்விடுகிறது. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஜோர்தானுக்குத் தையல் வேலைக்குப் போக ஏஜென்சியில் பெயர் கொடுத்துவிட்டாள். அவள் போனால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். அத்தோடு எங்கள் அரங்கு முடிந்தது.

அதனால் உங்கள் அரங்கக் கலை நிதியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஒத்திகை நாள்களுக்கும் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுப்பார்களாமே! அது கிடைத்தால் நிற்பேன் என்று உதயகலா எனக்குச் சத்தியம் செய்து தந்திருக்கிறாள். நாட்டுக்கே பொதுவான நிதியம், அதிலே நாடகப் பிரிவைப் பார்க்கிறவர் என் கூடப்பிறந்த அண்ணை. பிறகென்ன? ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அம்மா உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறார்.

தங்கை,
தயாளினி

---

வெள்ளவத்தை,
20.02.2025

அன்புத் தங்கச்சி தயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். வயிற்றெரிவு குறைவு. அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் ஒரு போத்தல் அனுப்புகிறேன். சுடவைத்துப் பூச வேண்டும். கிணற்று மோட்டர் சத்தம் போடுவதாக அம்மா முன்பு சொன்னார். அதைப் பார்ப்பித்தாயா?

நீ கேட்ட விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு முறை எழுதுகிறேன். நீ என் தங்கை என்பதை அலுவலகத்தில் எழுத்தில் அறிவித்துவிட்டேன். உன் விண்ணப்பம் என் கைக்கு வராது. அதைப் பற்றி இனி நீ என்னிடம் கேட்காதே. கேட்டாலும் நான் பதில் சொல்ல மாட்டேன். நிதியத்தின் விதிக்கோவையை ஆறுதலாக, வரி விடாமல் வாசி என்று யார் கேட்டாலும் சொல்வேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

வெயில் தொடங்கிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்,
வாகீசன்

---

அச்சுவேலி,
11.03.2025

அன்புள்ள, ஆனால் வாயைத் திறக்காத அண்ணைக்கு,

நாங்கள் சுகம். எண்ணெய் வந்தது. அம்மா பூசிக்கொண்டு, "என்ரை பிள்ளை அனுப்பினது" என்று அயலெல்லாம் மணக்க மணக்கத் திரிகிறார். மோட்டரும் திருத்தியாயிற்று.

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்கு வந்த கோபத்துக்கு, அதை அடுப்புக்குள் வைக்காதது பெரிய காரியம். ஊரில் ஒவ்வொருத்தர் தம்பியின் மச்சானுக்குத் தெரிந்தவரைப் பிடித்தே வேலை பார்க்கிறார்கள். எனக்குச் சொந்த அண்ணை இருந்தும் ஆளில்லாதவள் மாதிரி நிற்கிறேன். "ஓம், உவர் பெரிய அரிச்சந்திரன்" என்று உதயகலா சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருந்தாலும் ஒரு நல்ல செய்தி. நாடகத்தைப் பார்த்து அறிக்கை எழுத ஒரு மதிப்பீட்டாளர் அம்மா ஏப்பிரல் ஐந்தாம் திகதி வருகிறாராம். சிங்களப் பெண்மணி, மொழிபெயர்க்க ஓர் ஆளும் கூட வருகிறார். சனசமூக நிலையத் தலைவர் சிவசுப்பிரமணியத்தாருக்குத் தலைகால் தெரியவில்லை. "பிள்ளை, நீ நாடகத்தைப் பார், மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்று மண்டபம் முதற்கொண்டு எல்லாவற்றையும் பொறுப்பெடுத்துவிட்டார். விதிக்கோவை முழுக்கச் சட்டத் தமிழ், இரண்டு பக்கம் புரட்ட எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இப்போது ஒத்திகைதான் முக்கியம்.

அந்த அம்மா எப்படிப்பட்டவர்? அதையாவது சொல்லக் கூடாதா?

தயாளினி

---

வெள்ளவத்தை,
26.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாவும் நீயும் சுகமென்று அறிந்து சந்தோஷம். நானும் அப்படியே. மோட்டர் திருத்தியது நல்லது. வயரை எலி கடிக்காமல் குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல். வருஷப் பிறப்புக்கு வர முடியாது, வேலை இருக்கிறது. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

அண்ணன்,
வாகீசன்

---

அச்சுவேலி,
07.04.2025

அண்ணைக்கு,

அம்மா சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது. நடந்ததைக் கேளுங்கள்.

மதிப்பீட்டாளர் அம்மா மூன்று மணிக்கு நாடகம் பார்க்க வந்தார். சந்தியிலேயே மேளமும் நாதஸ்வரமும். கழுத்து மறைய மாலை. மண்டபத்துக்குள் வந்து கதிரையில் இருக்க விடாமல் மங்கள விளக்கு ஏற்றினார்கள். பிறகு தேவாரம், வரவேற்புரை, ஆசியுரைக்கு ஐயர், வாழ்த்துரைக்கு ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். சிவசுப்பிரமணியத்தார் தலைமையுரையைத் தமிழில் ஒரு முறை, "அம்மாவுக்கு விளங்க வேணும்" என்று இங்கிலீசில் ஒரு முறை. மொழிபெயர்க்க வந்தவருக்கு இடையில் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நாங்கள் எட்டுப் பேரும் வேஷத்தோடு திரைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றோம். மச்சானாக நடிக்கிற நாகேஸ்வரி அக்காவின் ஒட்டு மீசை கழன்று விழுந்துவிட்டது.

மண்டபம் ஐந்து மணிக்கு ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குக் கொடுபட வேண்டும். நாடகம் தொடங்கும்போது நாலரை! உதயகலா மச்சான்மாருக்கு முன்னால் வந்து நின்று, "என்ரை முறைத் தண்ணி எங்கை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் சமையல்காரர் சோற்றுக் கிடாரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கோதாரி! அத்தோடு திரை.

இது போதாதென்று பொன்னாடை. போர்த்திப் படமெடுத்து, பனங்கட்டிக் குட்டான் ஒரு கூடையும் கையில் கொடுத்து, அடுத்த நிமிடமே பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். அந்த அம்மா பாவம், சிரித்த முகத்தோடு பொன்னாடையை மடித்து என் கையில் தந்தார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "பார்க்க வந்த இடத்திலை ஒரு பரிசும் வாங்கக் கூடாதெண்டு விதி இருக்கு. இந்தப் படம் போனபிறகு அம்மா என்ன எழுதினாலும் செல்லாது." விதிக்கோவையில் அது எல்லாரும் பார்க்கிற மாதிரிப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறதாம். நான் அந்தப் பக்கத்துக்குப் போகவேயில்லை.

வந்தவரை மரியாதை செய்யாமல் அனுப்ப இந்த ஊருக்குத் தெரியாது அண்ணை. அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது.

தயாளினி

---

அச்சுவேலி,
04.05.2025

அண்ணைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் இருக்கிறீர்களா என்று தெரியவில்லை. போன கடிதத்துக்குப் பதில் இல்லை.

நிதியத்திலிருந்து அறிவித்தல் வந்தது. மதிப்பீடு இரத்தாம். "விண்ணப்பம் தொடர்ந்து பரிசீலனையில் உள்ளது" என்று கடைசியில் ஒரு வரி. எல்லாக் கந்தோரும் இப்படித்தான் எழுதும். உதயகலாவுக்கு ஜூலையில் பயணம் சரிவந்துவிட்டது. "தயாக்கா, நீ அழாதை, நான் ரெண்டு வருஷத்திலை வந்திடுவன்" என்று அவள் என்னைத் தேற்றுகிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம்.

தயாளினி

---

கொழும்பு,
27.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் சுகம். சாவகச்சேரி ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. பஸ்ஸில் வேண்டாம், ஓட்டோ பிடி.

உன் கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சில விஷயங்களுக்கு நான் பதில் எழுத முடியாதென்று உனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை உன் அண்ணனாகக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். காசு கிடைத்தால்தான் நாடகம் என்று நீ எப்போது நினைக்கத் தொடங்கினாய்? பாவாடைச் சட்டை வயதில் கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்று கோழிகளுக்கு நாடகம் போட்டவள் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாகீசன்

---

அச்சுவேலி,
30.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர்க்குற்றம் எல்லாம் பார்க்கிறார். நான் சுகம். மெய்யாகவே சுகம்.

உங்கள் கோழிக்கூட்டுக் கதை எனக்குச் சுள்ளென்று பட்டது. ரோஷம் வந்துவிட்டது. உதயகலா போக முதல் ஒரு தரமாவது நாடகத்தை முழுதாகப் போடுவோம் என்று முடிவெடுத்தோம். நாகேஸ்வரி அக்காவின் வெங்காயக் கொட்டிலில், நேற்று ஞாயிறு பின்னேரம். ஒரு விளம்பரமும் இல்லை, சந்தைக்கு வந்தவர்களிடம் வாயால் சொன்னதுதான். பிரதம விருந்தினர் இல்லை, விளக்கு இல்லை, உரை இல்லை. சிவசுப்பிரமணியத்தார் கோபித்துக்கொண்டு முதலில் வரவில்லை, பிறகு பொறுக்க முடியாமல் வந்து பின்னால் நின்றார்.

கொட்டில் நிறைந்துவிட்டது. வாசலில் வெளியூர் ஆள் ஒருவர் தோளில் பையோடு நின்றார். நாகேஸ்வரி அக்கா மீசையோடு போய், "தம்பி, உதிலை நிண்டு மறைக்காதேங்கோ. சும்மாதானே நிக்கிறியள், இந்த வெங்காயச் சாக்குகளை ஒருக்கா அங்காலை இழுத்து விடுங்கோ" என்றார். மனுஷன் சட்டைக் கையை மடித்துவிட்டு எல்லாவற்றையும் இழுத்தார். பிறகு ஒரு சாக்கின் மேல் ஏறி இருந்து பார்த்தார்.

அண்ணை, உதயகலாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "செத்தது என்ரை மனிசன். என்ரை நாள் சாகேல்லை. செவ்வாய்க்கிழமைத் தண்ணி எனக்கு!" என்று அவள் கேட்டாள். அந்த நேரம் பார்த்து, சனத்துக்குள் இருந்த, அவளைப் போலவே புருஷனை இழந்த தங்கமுத்து எழும்பித் தன் மச்சானைப் பார்த்து, "கேட்டியோ! நீயும் கேட்டியோ!" என்று கத்தினாள். அந்தாள் முழிசிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாடகம் முடிந்த பிறகும் சனம் எழும்பவில்லை. யாருடைய முறையை யார் எடுத்தது என்று அங்கேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. நான் எழுதினதை ஊரே தொடர்ந்து நடித்த மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

இன்னொன்று. உங்கள் கடைசிக் கடித உறையில் அனுப்புநர் பகுதியில் "கட்டடப் பராமரிப்புப் பிரிவு" என்று இருக்கிறதே, ஏன்? நாடகப் பிரிவில் உறை முடிந்துவிட்டதா?

தயாளினி

---

கொழும்பு,
15.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். அம்மாவின் கண்ணாடி சரிவந்தது சந்தோஷம். கொட்டிலில் நாடகம் போட்டது நல்ல காரியம். வெங்காயத்தை மழைக்கு முன் விற்கச் சொல். இங்கே கூரைகள் எல்லாம் ஒழுகுகின்றன, வேலை அதிகம்.

வாகீசன்

---

அச்சுவேலி,
14.08.2025

என் அண்ணைக்கு,

கிடைத்துவிட்டது! உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும், இல்லையென்றால் தெரியாமல் இருக்க முழு முயற்சி எடுத்திருப்பீர்கள். ஒரு வருஷத்துக்கு ஒத்திகைச் சம்பளம், நாலு மாவட்டங்களில் நாடகம். உதயகலாவின் பயணம் ஏஜென்சிக் கோளாறில் ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தது. செய்தி கேட்டதும் பெயரை வெட்டச் சொல்லிவிட்டாள். மாமியார் இப்போது, "ஒத்திகைக்கு நேரம் போச்சு, கெதியாப் போ" என்று அவளை விரட்டுகிறாராம்.

அந்த வெளியூர் ஆள்தான் இரண்டாவது மதிப்பீட்டாளர். மன்னார்க்காரர், பெயர் றஜிந்தன். சொல்லாமல் வந்து பார்ப்பதுதான் இரண்டாம் முறையாம். எங்களை விசாரித்துக்கொண்டு சந்தைக்கு வந்த இடத்தில் நாடகம் என்று கேள்விப்பட்டாராம். யாழ்ப்பாணத்தில் கையெழுத்துப் போடப் போன இடத்தில் கண்டோம். நாகேஸ்வரி அக்கா ஓடிப்போய் என் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவர் சிரித்துவிட்டு, "வெங்காய மணம் இன்னும் என்ரை பையிலை இருக்கக்கா" என்றார்.

அவரோடு வந்த அதிகாரிதான் எனக்குச் சொன்னார். ஒரு பிரிவில் வேலை செய்கிறவரின் உறவினர் அந்தப் பிரிவில் விண்ணப்பிக்கவே முடியாதாம். மாசி மாதமே நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு நாடகப் பிரிவை விட்டு இறங்கிவிட்டீர்களாம். "அந்தப் பிரிவை ஒண்டுமில்லாததிலை இருந்து கட்டினதே அவர்தான். இப்ப ஓட்டை ஓடு மாத்துறார்" என்றார். கையெழுத்துப் போட எடுத்த பேனையை வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன். நாங்கள் உங்களை அரிச்சந்திரன் என்று நக்கலடித்துக்கொண்டிருந்த நாள்களில் நீங்கள் அங்கே கூரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஏன் அண்ணை சொல்லவில்லை? ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

விஷயம் எப்படியோ ஊருக்குள் பரவி, சிவசுப்பிரமணியத்தார் சந்தியில் பெரிய பதாகை கட்டிவிட்டார். "நிதி பெற்றுத் தந்த எங்கள் மண்ணின் மைந்தன் வாகீசன் அவர்களுக்கு நன்றி." ஏதோ ஒரு கலியாண வீட்டில் எடுத்த உங்கள் படத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். முப்பதாம் திகதி விழாவாம். பெரிய எழுத்தில் உங்கள் பெயரைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. அம்மா ஓட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

தயாளினி

---

அச்சுவேலி,
02.09.2025

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்த உடனே நீங்கள் போன் எடுத்தீர்கள் பாருங்கள், பிறந்ததிலிருந்து நீங்கள் என்னோடு அப்படிக் கத்தினது இல்லை. "விசரி, அதைக் கழட்டு! உன்ரை நாடகத்துக்குக் கொடுத்ததை நான் எடுத்துத் தந்ததெண்டு நீங்களே எழுதிக் கட்டியிருக்கிறியள்! தலைமையகத்துக்குப் போனால் எல்லாத்தையும் திருப்பி எடுப்பாங்கள்!" எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு உதயகலாவும் நானும் சந்திக்கு ஓடினோம். கழற்றிவிட்டோம். ஆனால் பதாகை கட்டின படம் அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. துணியைக் கழற்றலாம், சனத்தின் வாயை என்ன செய்வது? சங்கக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "கொழும்பிலை ஆள் இருந்தால் எல்லாம் நடக்கும் கண்டியோ" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

விழாவை நிறுத்தக் கேட்டேன். சிவசுப்பிரமணியத்தார் மாட்டேன் என்றார். சரி, நடக்கட்டும், எனக்கு ஐந்து நிமிடம் ஒலிவாங்கி தாருங்கள் என்றேன். நன்றியுரை என்று நினைத்துத் தந்துவிட்டார்.

மண்டபம் நிறையச் சனம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்ரை அண்ணை வாகீசனுக்கு நன்றி சொல்ல எல்லாரும் வந்திருக்கிறியள். நான் அவருக்கு நன்றி சொல்ல வரேல்லை. இந்த நிதிக்காக அவர் ஒருதருக்கும் போன் எடுக்கேல்லை. ஒருதரிட்டையும் ஒரு சொல் கதைக்கேல்லை. நான் கெஞ்சிக் கேட்டும் வாய் திறக்கேல்லை. தான் ஆசையாச் செய்த வேலையை விட்டு விலகிப் போனார், நாங்கள் நேரான வழியிலை போய்க் கேக்கவேணும் எண்டதுக்காக. என்ரை அண்ணை எங்களுக்கு ஒண்டுமே செய்யேல்லை. அதாலைதான் இது எங்கடை. உதயகலாவின்ரை, நாகேஸ்வரி அக்காவின்ரை, இந்த எட்டுப் பொம்பிளையளின்ரை."

சிவசுப்பிரமணியத்தார் கையில் மாலையோடு நின்றார். முன்வரிசையில் இருந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறார் என்றே நினைத்தேன். எழும்பி நின்று கை தட்டினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள்.

தங்கை,
தயாளினி

---

கொழும்பு,
19.09.2025

என் தங்கச்சிக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி? அன்று நின்றதில் நோவு கூடிவிட்டதா?

பதாகையின் படம் இங்கே வந்துவிட்டது. முறைப்பாடு ஒன்றும் வந்தது. என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உன் நிதியையும் இடைநிறுத்தப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லியும் நம்புகிற மாதிரி இல்லை. உன் மேடைப் பேச்சை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள், நல்லவேளை. எங்கள் நிதியத்தின் பணிப்பாளர் அம்மா அதை வசனம் வசனமாக மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைப் பற்றி இப்படியொரு சாட்சி இருக்க, நான் ஏன் இன்னும் விசாரிக்கிறேன்?" என்று கோப்பை மூடிவிட்டார். உன் நிதிக்கு இனி ஒரு பிரச்சினையும் இல்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்லியிருந்தால் நீ விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்திருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை? நாடகப் பிரிவை விட்ட அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது உண்மை. உன் ஒப்பந்தம் முடியும்வரை அங்கே திரும்ப முடியாது. பரவாயில்லை. மழைக்கு முன் நாலு மண்டபத்துக்குக் கூரை போட்டுவிட்டால் யாராவது நனையாமல் ஆடுவார்கள்.

ஊருக்கு முன்னால் நான் ஒன்றும் செய்யவில்லை என்று நீ சொன்னதை அந்த அறையில் சிங்களத்திலும் கேட்டேன், தமிழிலும் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, தயா. இத்தனை வருஷ வேலையில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

உங்கள் நாடகத்தைப் பார்க்க எனக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டேன். சனத்தோடு சனமாக இருந்து பார்க்கலாமாம். லீவு எழுதிக் கொடுத்திட்டன். சனிக்கிழமை றெயினிலை வாறன், அம்மாட்டைச் சொல்லு.

அண்ணை